அவசரம் எங்களுக்கும் உண்டு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கொழும்பை விட்டு வன்னிக்குக் குடிவந்தவர்களைப் பற்றிக் கடந்த ஞாயிறு இதழில் வந்த கட்டுரையை இரண்டு தரம் வாசித்தேன். ஞாயிறு இதழ் எங்கள் கைக்கு வருவது திங்கட்கிழமை, அது உங்களுக்குத் தெரியும். "இங்கு யாருக்கும் எதற்கும் அவசரமில்லை" என்று அதில் ஒரு வரி. குளக்கட்டில் எடுத்த படங்கள் நல்லாயிருந்தன. அந்த வரிதான் மனதை விட்டுப் போகவில்லை.

நான் 31 வருடம் வெள்ளவத்தையில் இருந்தவள். 2021 இல் கணவர் ஓய்வுபெற்றதும் அவருடைய ஊரான ஒட்டுசுட்டானுக்கு வந்தோம். காலி வீதியில் ஒரு பஸ்ஸை விட்டால் பின்னாலேயே அடுத்தது வரும். இங்கே மாங்குளம் போகிற பஸ்ஸை விட்டால் அன்றைய கிளினிக் போச்சு. கொப்பியையும் மருந்துப் பையையும் வைத்துக்கொண்டு வெயிலில் நிற்கிற சனத்தைக் கட்டுரையாளர் காணவே இல்லையா?

போன வருடம் காலபோக அறுவடை நேரம். பின்னேரம் 7 மணியிருக்கும், கரண்ட் இல்லை. விறகு எடுக்கப் போன கணவரைப் புடையன் பாம்பு கடித்துவிட்டது. என் சத்தம் கேட்டுப் பக்கத்து வளவுத் தங்கச்சி ஓடிவந்தார். 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து 12 வயதில் இங்கே வந்தவர். "அக்கா, அண்ணனை நடக்க விடாதீங்க" என்று அவரைப் பிடித்து இருத்திவிட்டு, மகனைச் சந்திக்கு அனுப்பி ஓட்டோ எடுப்பித்தார். ஆஸ்பத்திரியில் இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் ஆட்டாமல் வைத்தார்கள். உறைந்தால் பயமில்லை என்றார்கள். அந்த 20 நிமிடமும் நான் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். தாதி அதை மெல்லச் சரித்தார். இரத்தம் தண்ணீர் மாதிரி ஓடியது. உடனே விஷமுறிவு மருந்தை ஏற்றினார்கள். கடவுள் புண்ணியம், ஆள் வீட்டுக்கு வந்துவிட்டார். அந்த ஓட்டோ கிடைக்காமல் போயிருந்தால்? இதைத்தான் அவசரமில்லை என்கிறீர்களா, ஐயா?

இந்த ஊரில் இருக்க எனக்குச் சொல்லித்தந்தவரும் அதே தங்கச்சிதான். விறகைத் தூக்க முதல் தடியால் தட்டவேண்டும், இருட்டினால் ரோச் இல்லாமல் கிணற்றடிக்குப் போகக் கூடாது, மழைக்கு முதல் கூரை ஓட்டைப் பார்த்துவிட வேண்டும். குளிர் மலையிலிருந்து இந்த வெக்கைக்குள் வந்து அவர் பழகிய பாட்டை யாராவது கேட்டு எழுதினீர்களா? யானை வந்தால், அமைச்சர் வந்தால், மே மாதம் வந்தால் எங்கள் ஊர்ப் பெயர் உங்கள் பத்திரிகையில் வருகிறது. 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் நாங்கள் பட்டதைப் பற்றி ஒரு கடிதம் எழுதினேன், அது வரவில்லை. சரி, இடம் இருந்திருக்காது. ஆனால் இந்தக் கட்டுரைக்கு முழுப்பக்கம் இருந்ததே. அதிலும் மார்கழியில் பாலைப்பழம் சாப்பிட்டதாக எழுதியிருக்கிறார். பாலை வைகாசி, ஆனியில் பழுக்கிறது.

நான் திரும்பிக் கொழும்புக்குப் போக நினைக்கவில்லை. இந்த ஊரும் இந்தச் சனமும் எனக்கு வேண்டும். அதனால்தான் கோபம் வருகிறது.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். முல்லைத்தீவிலிருந்து மாங்குளத்துக்கு ஏ34 வீதியால் ஓடும் பஸ்களின் நேரத்தை மாதத்துக்கு ஒருமுறை ஒரு மூலையில் போடுங்கள். சந்திக் கடையில் ஒரு நேரம் சொல்கிறார்கள், கண்டக்டர் வேறொன்று சொல்கிறார். முதல் பஸ்ஸும் கடைசி பஸ்ஸும் எத்தனை மணிக்கு என்று சரியாகத் தெரிந்தாலே போதும். வெட்டி எடுத்து எங்கள் வீட்டுச் சுவரில் ஒன்றும், தங்கச்சி வீட்டில் ஒன்றும் ஒட்டிக்கொள்வேன்.

இப்படிக்கு,
ஒட்டுசுட்டான் வாசகி