எங்கள் கருக்களைப் பற்றி முடிவெடுப்பது யார்?

மாண்புமிகு நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் சுகாதார அமைச்சுக்கும் வணக்கம்.

நான் செந்தூலில் வசிக்கிறேன். செயற்கைக் கருத்தரிப்புச் சிகிச்சையில் உருவான எங்களுடைய மூன்று கருக்கள் கோலாலம்பூரில் உள்ள ஒரு தனியார் மையத்தில், மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் உறைந்து இருக்கின்றன. அவற்றுக்காக எத்தனை நாள் வயிற்றில் நானே ஊசி போட்டுக்கொண்டேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

போன வருடம் அந்த மையம் கைமாறியது. சேமிப்புக் கட்டணம் உயர்கிறது, 30 நாளில் கட்டாவிட்டால் கருக்களை அகற்ற மையத்துக்கு உரிமை உண்டு என்று ஒரு கடிதம் வந்தது. பதறிப்போய் போன் செய்தேன். "நீங்கள் கையெழுத்துப் போட்ட பாரத்தில் இருக்கிறதே" என்றார்கள். இருந்தது உண்மைதான். கருமுட்டை எடுக்கும் நாள் காலையில், பயத்தோடு, படிக்காமல் போட்ட கையெழுத்து அது. கடன் வாங்கிக் கட்டினோம்.

அப்புறம்தான் சட்டம் என்ன சொல்கிறது என்று தேடினேன். தனியார் மருத்துவ மையங்களுக்கு 1998ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. டாக்டர்களுக்கு மலேசிய மருத்துவ மன்றத்தின் வழிகாட்டி இருக்கிறது. செயற்கைக் கருத்தரிப்புக்கென்று தனிச் சட்டம் மட்டும் இல்லை. மசோதா வரும், வரும் என்று பல வருடங்களாகப் பேச்சோடு நிற்கிறது. பிரிட்டனுக்கு 1990இலேயே சட்டம் வந்துவிட்டது. அங்கே உரியவர்கள் சம்மதத்தைப் புதுப்பித்துக்கொண்டே வந்தால் 55 ஆண்டுவரை கருவைச் சேமிக்கலாம். இந்தியாவின் 2021ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது 10 ஆண்டு. கால அளவு கூடலாம், குறையலாம். அதை ஒரு நாட்டின் நாடாளுமன்றம் விவாதித்து எழுதியிருக்கிறது என்பதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

நாளைக்கு என் கணவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் (வாயில் வரக்கூடாத வார்த்தைதான்) அந்தக் கருக்கள் யாருக்கு? நாங்கள் பிரிந்தால்? மையமே மூடிவிட்டால்? இதற்கெல்லாம் என் கையில் இருப்பது அந்தப் பாரம் மட்டுமே.

சட்டம் வேண்டும் என்கிறேன். ஆனால் கதவை அடைக்கும் சட்டம் வேண்டாம். அமெரிக்காவின் அலபாமாவில், உறைந்த கருவும் குழந்தைதான் என்று 2024 பிப்ரவரியில் அந்த மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னதும் சில மையங்கள் ஐவிஎஃப் எனும் இந்தச் செயற்கைக் கருத்தரிப்புச் சிகிச்சையையே நிறுத்திவிட்டன. ஊசி போட்டு நாள் எண்ணிக்கொண்டிருந்த பெண்கள் பாதியில் நின்றார்கள். மறு மாதம் அவசர அவசரமாக ஒரு சட்டம் வந்த பிறகே சிகிச்சை தொடர்ந்தது. இங்கே ஒரு பெண்ணுக்கும் அப்படி நடக்கக்கூடாது. சிகிச்சை பெறும் உரிமையும், தொடர்வதா நிறுத்துவதா என்ற முடிவும் தம்பதியுடையது என்று முதல் பிரிவிலேயே எழுதுங்கள்.

செலவையும் சொல்லியாக வேண்டும். 2020 முதல் ஊழியர் சேமநிதியிலிருந்து இந்தச் சிகிச்சைக்குப் பணம் எடுக்கலாம். எங்கள் இரண்டாவது முயற்சி அப்படித்தான் நடந்தது. ஆனால் அது என் முதுமைக்கான பணம். அரசு மருத்துவமனைகளில் இந்தச் சேவை சிலவற்றில்தான் இருக்கிறது. மாவட்ட மருத்துவமனையில் கேட்டாலும் வழி கிடைக்கும்படி சட்டம் அமைச்சைக் கட்டுப்படுத்தட்டும்.

ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் பத்துமலையின் 272 படிகளில் கரும்புத் தொட்டிலில் குழந்தையைச் சுமந்து ஏறுகிறவர்களைப் பார்க்கிறேன். நானும் வேண்டிக்கொண்டிருக்கிறேன். முருகனிடம் கேட்பதை அவனிடம் கேட்டுக்கொள்கிறேன். உங்களிடம் கேட்பது இந்தச் சட்டத்தை.

வரும் மார்ச்சில் அந்தப் பாரத்தை நான் மறுபடி புதுப்பிக்க வேண்டும். அதற்குள் மசோதா அவைக்கு வருமா என்று தயவுசெய்து பதில் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
செந்தூலிலிருந்து ஒரு பெண்