ஜன்னலுக்கு எதிரே வேண்டாம்

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய போட்டோவைப் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்த்தேன். இங்கிலாந்து ஓவியர் தாமஸ் டேனியல் காவிரியிலிருந்து வரைந்த நம் மலைக்கோட்டை! சகோதரர் மகன் வில்லியமைக் கூட்டிக்கொண்டு 1792-ல் தெற்கே வந்தவர். ஊர் திரும்பி, 1798-ல் லண்டனில் இதை அச்சிட்டார். அது இன்றைக்கு உன் சம்பாத்தியத்தில் உன் வீட்டுக்கு வந்திருக்கிறது. அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். வாங்கும்போது என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சரி, சட்டம் போடவாவது கேட்டாயே.

முதலில், ஓரத்தை வெட்ட விடாதே. சட்டத்துக்குள் அடங்கவில்லை என்பார்கள். படத்தின் பெயரே அந்த ஓரத்தில்தான் இருக்கிறது. செப்புத் தகட்டில் பிசின் தூள் தூவி, அமிலத்தில் அரித்து அச்செடுத்து, அப்புறம் கையால் வர்ணம் பூசியது. வெயில் பட்டால் வெளுத்துவிடும். ஜன்னலுக்கு எதிரே வேண்டாம். ஹீட்டருக்கு மேலேயும் வேண்டாம். கண்ணாடி தாளில் ஒட்டக் கூடாது, நடுவில் அமிலமில்லாத மவுண்ட் அட்டை வைக்கச் சொல். பின்னால் செலோடேப் கூடவே கூடாது.

சோபாவுக்கு மேலே மாட்டப்போவதாகச் சொன்னாய். அங்கே ஏற்கெனவே ஓர் ஆணி இருக்கிறது. அதற்குக் கீழே, இருபதுக்குப் பதினாறு இருக்கும், சுவர் மட்டும் பளிச்சென்று தெரிகிறது. நாற்பது வருஷம் சட்டம் போட்டவனுக்கு அளவு தெரியாதா? அந்தத் தேக்கை இழைத்ததே நான்தானே. இந்தப் படம் மவுண்ட்டோடு அதைவிடப் பெரிசு. தடம் மறைந்துவிடும்.

தம்பி, ஆடி மாதம் மருமகள் எனக்குப் போன் செய்தாள். "மாமா, கொஞ்சம் பேசணும்" என்றாள். கடையில் கூட்டம், அப்புறம் பேசுகிறேன்மா என்று வைத்துவிட்டேன். கடையில் ஒருவரும் இல்லை. என்ன சொல்லப்போகிறாளோ என்று பயம். அப்புறம் நான் கூப்பிடவே இல்லை. அம்மாவுக்கும் இது தெரியாது. அன்றைக்கு உட்கார்ந்து கேட்டிருக்க வேண்டும்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. ஜன்னலுக்கு எதிரே மட்டும் மாட்டாதே. அந்தப் பழைய சட்டத்தைத் தரையில் சாய்த்து வைத்திருந்தால் எடுத்துவிடு, ஈரம் ஏறும். பழைய பருத்தித் துணி சுற்றி அலமாரிக்குள் வை.

அப்பா