அது பூசிய பச்சை அல்ல

ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வெளிவந்த சீனப் பீங்கான் கட்டுரையை விரும்பிப் படித்தேன். ஆனால் செலடான் எனும் பச்சை நிறப் பீங்கான் கலங்களை ‘பச்சை வண்ணம் பூசப்பட்டவை’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டது மனதை உறுத்துகிறது. அந்தப் பச்சையை யாரும் பூசவில்லை. அது நெருப்பில் பிறப்பது.

கலத்தைத் தோய்த்தெடுக்கும், சூட்டில் உருகிக் கண்ணாடிபோல் படியும் மெருகுக் குழம்பில் சிறிதளவு இரும்பு இருக்கும், அவ்வளவுதான். சூளையின் சூடு 1,200 டிகிரியை நோக்கி ஏறும்போது உள்ளே போகும் காற்றைக் குறைப்பார்கள். மூச்சு முட்டும் தீ, இரும்போடு சேர்ந்திருக்கும் ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்ளும். அப்போதுதான் பச்சை பிறக்கிறது. காற்று கூடிவிட்டால் அதே கலம் பழுப்பேறிப் போகும். சூளை ஆறித் திறக்கும்வரை செய்தவருக்கே நிச்சயமில்லை.

செலடானுக்குப் பேர்போன சீனாவின் லோங்சுவான் பகுதித் தட்டு ஒன்றின் முன் அருங்காட்சியகத்தில் வெகுநேரம் நின்றிருக்கிறேன். நடுவில் இரண்டு மீன்கள். விளிம்பில் மெருகு மெலிந்து வெளிறியிருந்தது. மீன்களின் ஓரத்தில் தேங்கி, பாசி படிந்த குளத்து நீராக இருண்டிருந்தது. தூரிகை பட்ட கோடு ஒன்றுகூட இல்லை. மெருகின் கனம் கூடிக் குறைவதிலேயே மீன்கள் நீந்தின. உள்ளே சிக்கிய நுண்குமிழிகள் ஒளியைச் சிதறடிப்பதால் பளபளப்பு கண்ணைக் குத்துவதில்லை; ஜேடு எனும் பச்சைக்கல்லைப் போலக் குளிர்ந்து கிடக்கிறது. எட்டாம் நூற்றாண்டிலேயே சீனத் தேநீர் அறிஞர் லூ யூ, வெள்ளிபோல் மின்னும் வெள்ளைப் பீங்கான் கலங்களைவிட யூவே என்ற சீனப் பகுதியின் பச்சைக் கிண்ணங்களே மேல் என்று எழுதிவைத்தார்.

ஜப்பானில் ஒரு வரலாறு வழங்குகிறது. 15ஆம் நூற்றாண்டு ஷோகுன் (படைத்தலைமை ஆட்சியாளர்) அஷிகாகா யோஷிமாசாவின் லோங்சுவான் கிண்ணம் விரிசல் விட்டது. இதேபோல் வேறொன்று வேண்டும் என்று சீனாவுக்கு அனுப்பினாராம். அப்படியொன்று இப்போது அங்கும் இல்லை என்று, விரிசலுக்கு உலோகத் தையல் போட்டு அதையே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்தத் தையல்களோடு இன்றும் டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

நம் பக்கத்திலும் சான்று உண்டு. இராமநாதபுரம் மாவட்டம் பெரியபட்டினத்தில் 13, 14ஆம் நூற்றாண்டுச் சீனப் பீங்கான் ஓடுகள் அகழாய்வில் கிடைத்தன. அவற்றில் லோங்சுவான் செலடானும் உண்டு. கடல் கடந்து வந்த அந்த ஓடுகளில் ஒன்றின் படத்தை, மெருகு தேங்கிய இடம் தெரியும்படி நெருக்கத்தில் எடுத்து, திருத்தத்தோடு அடுத்த இதழில் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
இராமநாதபுரம்.