அரபிக் கையேடுகளில் விடுபடும் பாடம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வளைகுடா வேலைக்குப் புறப்படுகிறவர்களுக்கென்று தமிழில் வரும் அரபிக் கையேடுகள் பலவும் முதல் பக்கத்தில் 28 எழுத்துகளையும் தனித்தனிக் கட்டத்தில் அச்சிட்டுவிட்டு, அடுத்த பக்கமே ‘தண்ணீர் எங்கே?’ என்று பேச்சுக்குத் தாவிவிடுகின்றன. அந்த அட்டவணையை மனப்பாடம் செய்தவருக்குக் கடைப் பலகையில் ஒரு சொல்லும் பிடிபடாது. அரபி எழுத்துகள் வலமிருந்து இடமாகக் கோத்துக்கொண்டு வருபவை. கோக்கும்போது பலவும் வாலை இழந்துவிடும்.

பா, தா, ஸா, நூன், யா ஐந்தும் சொல்லின் முதலிலும் நடுவிலும் ஒரே சின்னப் பல்லாகிவிடும். அடையாளம் புள்ளி மட்டுமே. ‘பைத்’ என்றால் வீடு, ‘பின்த்’ என்றால் பெண்பிள்ளை. இரண்டுக்கும் உருவம் ஒன்றுதான்: இரண்டு பல், கடைசியில் ஒரு படகு. நடுப்பல்லுக்குக் கீழே இரண்டு புள்ளி என்றால் வீடு. மேலே ஒரு புள்ளி என்றால் பிள்ளை. முதலில் உருவத்தைக் கையெடுக்காமல் எழுதிவிட்டு, புள்ளிகளைக் கடைசியில் வைத்துப் பழக வேண்டும்.

அலிஃப், தால், ரா, வாவ், புள்ளி வைத்த தால், புள்ளி வைத்த ரா ஆகிய ஆறும் இடப்பக்கம் யாரோடும் ஒட்டாது. ‘தார்’ என்ற சொல்லில் (இதற்கும் வீடு என்றுதான் பொருள்) மூன்று எழுத்தும் இந்த வகை. அதனால் ஒரே சொல் மூன்று துண்டாக நிற்கும். புதியவர் மூன்று சொல் என்று எண்ணிவிடுவார். கோடு போட்ட நோட்டில்தான் எழுத வேண்டும். தால் கோட்டின் மேல் உட்காரும், ரா கீழே இறங்கும். வெள்ளைத் தாளில் இரண்டும் ஒன்றாகிவிடும்.

உச்சரிப்பைத் தமிழில் அச்சிடுவது இன்னொரு வினை. அடிநாக்கில் பிறக்கும் ககரத்தில் ‘கல்ப்’ இதயம். நம் சாதாரண ககரத்தில் நாய். ரமலான், ரமளான், ரமழான் என்று நாமே மூன்று விதமாக எழுதுவதும் தமிழில் இல்லாத ஒரே ஓர் எழுத்தால்தான்.

குர்ஆன் ஓதத் தெரிந்தவர்களும் பலகை முன் தடுமாறுவதுண்டு. ஓதும் பிரதியில் அ, இ, உ ஒலிகளைக் காட்டும் ஸபர், ஸேர், பேஷ் குறிகள் இருக்கும். பலகையிலும் செய்தித்தாளிலும் பெரும்பாலும் இருக்காது.

எண்கள் மட்டும் இடமிருந்து வலம். வட்டம் 5, புள்ளி 0, நம் 7 போலத் தெரிவது 6. விலைச்சீட்டில் வட்டமும் அதன் வலப்பக்கம் புள்ளியும் இருந்தால் 50. பதிப்பகத்தார் அடுத்த பதிப்பில் இதற்காவது அரைப்பக்கம் ஒதுக்கட்டும்.

இப்படிக்கு,
அரபி ஆசிரியர், காயல்பட்டினம்