மறக்கப்பட்ட மாற்றுக் குறிப்பு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தைப் (1956–61) பற்றித் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரை, அக்காலத்தில் அதற்கு மாற்றுக் கருத்தே எழவில்லை என்று கூறுகிறது. இது சரியன்று. 1955-இல் அத்திட்டத்தை ஆராய்ந்த பொருளியலாளர் குழுவில் பி. ஆர். ஷெனாய் ஒருவர் மட்டும் உடன்பட மறுத்துத் தனிக் குறிப்பு எழுதினார்.

ஷெனாய் 1930களின் தொடக்கத்தில் லண்டன் பொருளியல் கல்லூரியில் பயின்றவர். அங்கே பொருளியலாளர் ஹாயெக்கிடமிருந்து அவர் பெற்றது, தடையற்ற சந்தையை வலியுறுத்தும் ஆஸ்திரியப் பொருளியல் மரபின் மையமான ஒரு பாடம்: முதலீட்டுக்கு ஆதாரம் மக்களின் சேமிப்பே, அச்சடித்த பணம் அந்த இடத்தை நிரப்பாது. விதைநெல் இருக்கும் அளவுக்குத்தான் வயலைப் பண்படுத்த முடியும். அதற்கு மேல் உழுது போட்டால் ஏருக்கும் ஆளுக்கும் கூலி ஏறுமே தவிர விளைச்சல் கூடாது. பொதுத்துறைக்கு ஒதுக்கிய ரூ.4,800 கோடியில் ரூ.1,200 கோடியை, அதாவது கால் பங்கை, பற்றாக்குறை நிதியால், அதாவது புதிதாகப் பணம் அச்சடித்து, திரட்டத் திட்டம் தீட்டப்பட்டபோது, அது விலைவாசியை ஏற்றி ஏழைகளையே வாட்டும் என்று அவர் எச்சரித்தார். திட்டம் தொடங்கிய மறு ஆண்டே, 1957-இல், நாடு அந்நியச் செலாவணி நெருக்கடியில் சிக்கியது.

தொழில், வணிகத்தின் மேலுள்ள அரசுக் கட்டுப்பாடுகளைத் தளர்த்த வேண்டும் என்றும் அவர் வாதிட்டார். அதன் அருமை எனக்கு அனுபவத்தில் தெரியும். 1970களில் எங்கள் வீட்டின் பூச்சு வேலை பாதியில் நின்றபோது, என் தந்தை, சிமெண்ட் வாங்க அன்று தேவைப்பட்ட அரசு பர்மிட்டுக்காக, மனுவையும் வரைபடத்தையும் மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் அலுவலகத்துக்கு நடந்தார். கள்ளச் சந்தையில் மூட்டை தாராளமாகக் கிடைத்தது. பர்மிட் கைக்கு வருவதற்குள் ஐப்பசி மழை வந்து, பூசாத சுவர் ஊறிப்போனது. ராஜாஜி 1959-இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கி 'லைசென்ஸ்-பர்மிட்-கோட்டா ராஜ்யம்' என்று சாடியது இந்த நடையைத்தான்.

தடையற்ற சந்தையை ஆதரிக்கும் இக்கொள்கையினர் ஏழைகள்மேல் இரக்கமற்றவர்கள் என்று கட்டுரையாளர் போகிற போக்கில் எழுதியிருப்பது என்னை வருத்தியது. வளமான ஒரு சமூகம் எல்லோருக்கும் குறைந்தபட்ச உணவு, உடை, உறையுளை உறுதிசெய்வதில் தவறில்லை என்று ஹாயெக்கே 1944-இல் எழுதியிருக்கிறார். அவர் எதிர்த்தது, எதை எவ்வளவு ஆக்குவது என்பதை ஓர் அலுவலகம் முடிவு செய்வதை. எந்த ஊரில் எதற்குத் தட்டுப்பாடு என்னும் செய்தி கோடிக்கணக்கானோரிடம் சிதறிக் கிடக்கிறது. அதைத் திரட்டித் தருவது சந்தையில் உருவாகும் விலை என்பதே அவர் வாதம்.

ஷெனாயின் குறிப்பை முழுமையாகத் தமிழில் மொழிபெயர்த்து, கல்லூரி மாணவர்கள் படிக்கும் வகையில் தங்கள் நாளிதழ் தொடராக வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வு பெற்ற பொருளியல் ஆசிரியர்,
கும்பகோணம்.