'வரிசையில்லா நுழைவு' என்று விற்ற டிக்கெட்டுக்காக வரிசையில் நின்றது பற்றிய புகார்

அனுப்புநர்
ரோம் நகரச் சுற்றுலாவுக்கு முன்பதிவு செய்த வாடிக்கையாளர்,
கோயம்புத்தூர்.

பெறுநர்
மேலாளர்,
வாடிக்கையாளர் குறைதீர் பிரிவு,
சுற்றுலா முன்பதிவு நிறுவனம், சென்னை.

பொருள்: ரோம் 'வரிசையில்லா நுழைவு' டிக்கெட்டுகள் – சேவைக் குறைபாடு – பணத்தைத் திருப்பித் தரக் கோருதல் – தொடர்பாக.

ஐயா,

2025 செப்டம்பரில் நான், என் மனைவி, என் தாயார், பதினைந்து வயது மகன் ஆகியோர் ஐரோப்பா சென்றபோது ரோமுக்கு ஒதுக்க முடிந்தது ஒரு செவ்வாயும் ஒரு புதனும்தான். இருந்த கொஞ்ச நேரத்தையும் டிக்கெட் கவுன்டரில் தொலைக்கக் கூடாது என்பதற்காகவே பழைய ரோமானிய அரங்கமான கொலோசியம், வத்திக்கான் அருங்காட்சியகங்கள், புனித பேதுரு பேராலயம் மூன்றுக்கும் உங்களிடம் 'வரிசையில்லா நுழைவு' வாங்கினோம். உங்கள் இணையதளத்தில் அந்தச் சொற்கள் படத்தின் மேலேயே மஞ்சள் பட்டையில் இருந்தன. நாங்கள் கூடுதலாகக் கொடுத்த பணம் முழுவதும் அந்த மஞ்சள் பட்டைக்குத்தான்.

முதலில் கொலோசியம். எங்களுக்குக் குறித்த நேரம் காலை 11.30. நீங்கள் மின்னஞ்சலில் அனுப்பியது டிக்கெட் அல்ல, வெறும் வவுச்சர் என்பது அதற்கு முந்தின இரவு வந்த உங்கள் குறுஞ்செய்தியைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. மெட்ரோ நிலையத்திலிருந்து சற்றுத் தள்ளி ஒரு சந்தில் இருக்கும் உங்கள் கூட்டாளி அலுவலகத்தில் அதைக் கொடுத்து டிக்கெட்டாக மாற்றிக்கொள்ள வேண்டுமாம். போனால் அந்தச் சந்து முனை வரை வரிசை! உள்ளே ஒரே ஒரு மேசை, ஒரு பெண், ஒரு பிரின்டர். வருகிற ஒவ்வொருவரின் பாஸ்போர்ட்டையும் விரித்துவைத்து, பெயரை எழுத்தெழுத்தாகத் தட்டி, தாள் வெளியே வரும்வரை அவரும் காத்திருந்தார், நாங்களும் காத்திருந்தோம். நடுவில் பிரின்டர் நின்றுபோனது. மூட்டுவலி உள்ள என் தாயார் பூட்டியிருந்த கடையொன்றின் படியில் உட்கார்ந்துகொண்டார். டிக்கெட் கைக்கு வந்தபோது பன்னிரண்டு தாண்டிவிட்டது. அதில் அச்சாகியிருந்த நேரம் மட்டும் 11.30.

அங்கிருந்து நுழைவாயிலுக்கு ஓடினால் அடுத்த சிக்கல் காத்திருந்தது. 2023 அக்டோபர் முதல் கொலோசியம் டிக்கெட் பெயருக்கு உரியது. வாயிலில் அடையாள ஆவணத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் விடுகிறார்கள். என் மனைவியின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயருக்கான கட்டத்தில் என் பெயர் முழுமையாக இருக்கிறது. முன்பதிவின்போது அப்படியேதான் கொடுத்தோம். உங்கள் டிக்கெட்டில் அது ஒற்றை எழுத்தாகச் சுருங்கியிருந்தது. இனிஷியல் என்றால் என்னவென்று ஒரு ரோமானிய ஊழியருக்கு நடுவெயிலில் விளக்கும் நிலைக்கு என்னைக் கொண்டுபோய் நிறுத்தினீர்கள். மேற்பார்வையாளர் வந்து, இரண்டு ஆவணங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்து, நேரம் கடந்ததையும் பொறுத்துக்கொண்டு உள்ளே விட்டது அவருடைய பெருந்தன்மை. அதில் உங்கள் பங்கு எதுவும் இல்லை. அதன் பிறகும் பாதுகாப்புச் சோதனை வரிசை இருந்தது. அது எல்லோருக்கும் பொதுவானது, அதைப் பற்றி எனக்கு வருத்தமும் இல்லை. திருப்பதியில் 300 ரூபாய் சிறப்பு தரிசன டிக்கெட் எடுப்பவர்கூட வரிசையே இருக்காது என்று நம்பிப் போவதில்லை. நீங்கள்தான் இல்லை என்று எழுதி விற்றீர்கள்.

இனி பணக் கணக்கு. கொலோசியம், அதையொட்டிய தொல்லியல் இடங்களான ரோமன் ஃபோரம், பலாட்டின் குன்று மூன்றுக்கும் சேர்த்து அதிகாரபூர்வ இணையதளத்தில் விற்கும் சாதாரண டிக்கெட் 18 யூரோ. அன்றைய மதிப்பில் சுமார் 1,850 ரூபாய். நேரம் குறித்த அந்த டிக்கெட்டை வீட்டிலிருந்தே முன்பதிவு செய்யலாம். அதை வைத்திருப்பவர் எந்தச் சந்துக்கும் போகத் தேவையில்லை. நீங்கள் வாங்கியது தலைக்கு 5,400 ரூபாய். வழிகாட்டி உண்டா என்றால் இல்லை. அரங்கின் தரைத்தளத்துக்கோ நிலவறைக்கோ அனுமதி உண்டா என்றால் அதுவும் இல்லை.

இதைவிட என்னை உறுத்துவது மகனுக்கு வாங்கிய தொகை. இத்தாலிய அரசு அருங்காட்சியகங்களிலும் தொல்லியல் இடங்களிலும் 18 வயது நிரம்பாதவர்களுக்கு நுழைவு இலவசம். கொலோசியமும் அதில் அடக்கம், எந்த நாட்டுப் பிள்ளையானாலும் சரி. மகனின் பிறந்த தேதியை உங்கள் படிவமே கேட்டு வாங்கியது. வாங்கிக்கொண்டு அவனுக்கும் 5,400 ரூபாய் பிடித்திருக்கிறீர்கள். கட்டணமே இல்லாத ஒன்றுக்கு எதைக் கணக்கிட்டு இந்தத் தொகை என்று எழுத்தில் விளக்குங்கள்.

தொலைபேசியில் கேட்டபோது உங்கள் ஊழியர், "அரசாங்கத் தளத்தில் டிக்கெட்டே கிடைக்காது சார், எங்களைப் போன்றவர்களிடம்தான் கிடைக்கும்" என்றார். ஏன் கிடைக்காமல் போகிறது என்பதையும் அவர் சொல்லியிருக்கலாம். சாதாரண டிக்கெட்டுகளைத் தானியங்கி மென்பொருள் வைத்து மொத்தமாக அள்ளி, வேறு சேவைகளோடு சேர்த்துக் கூடுதல் விலைக்கு விற்றது தொடர்பாக, இத்தாலியின் போட்டி மற்றும் சந்தைக் கண்காணிப்பு ஆணையம் 2025 ஏப்ரலில் டிக்கெட் விற்பனையை நடத்திவந்த அமைப்புக்கும் சில சுற்றுலா நிறுவனங்களுக்கும் சேர்த்து ஏறத்தாழ 2 கோடி யூரோ அபராதம் விதித்தது. உங்கள் நிறுவனம் அதில் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் அப்படி உண்டான தட்டுப்பாட்டையே உங்கள் விலைக்குக் காரணமாக வாடிக்கையாளரிடம் சொல்வது நியாயமா?

புதன்கிழமை வத்திக்கான். அருங்காட்சியகங்களைப் பொறுத்தவரை குறை சொல்ல மாட்டேன். டிக்கெட் இல்லாதவர்கள் மதிலை ஒட்டி வெகுதூரம் நின்றிருக்க, பிற்பகல் 2 மணி முன்பதிவுக்காரர்களோடு நாங்கள் சீக்கிரமே உள்ளே போய்விட்டோம். 20 யூரோ கட்டணத்தோடு 5 யூரோ முன்பதிவுக் கட்டணம் செலுத்தும் எவருக்கும் அருங்காட்சியகமே தரும் வசதிதான் அது என்றாலும், சொன்னது நடந்தது.

பேராலயம்தான் நடக்கவில்லை. புதன் காலை 10 மணி என்று நேரம் போட்டுக் கொடுத்திருந்தீர்கள். போப்பாண்டவர் ரோமில் இருக்கும் வாரங்களில் பெரும்பாலும் புதன் காலை பேராலயத்தின் முன்னுள்ள சதுக்கத்தில் அவர் மக்களைச் சந்திக்கும் பொதுச் சந்திப்பு நடக்கும். அது முடியும்வரை பேராலயத்துக்குள் சுற்றுலாப் பயணிகளை விடுவதில்லை. ரோம் டிக்கெட் விற்பதையே தொழிலாக வைத்திருக்கும் நிறுவனத்துக்கு இது தெரியாதா? சந்திப்பு முடிந்து கதவு திறந்தபோது தூண் வரிசையை ஒட்டி ஆயிரக்கணக்கானோர் சோதனைக்காக நின்றிருந்தார்கள். உங்கள் டிக்கெட்டைக் காட்டினேன். சோதனைக் கருவியருகே இருந்த காவலர் அதைப் படித்துக்கூடப் பார்க்காமல் வரிசையின் கடைசியைக் கை காட்டினார். பேராலயத்துக்கு நுழைவுக் கட்டணமே கிடையாது. தலைக்கு 2,600 ரூபாய்க்கு நீங்கள் கொடுத்தது கைபேசியில் கேட்கும் ஒலி வழிகாட்டிக்கான ஓர் இணைப்பு. அதை நான் வீட்டிலிருந்தே கேட்டிருப்பேன். அருங்காட்சியக வாயில் மதிலைச் சுற்றிக்கொண்டு நடந்துபோக வேண்டிய தொலைவில் இருப்பதால் 2 மணிக்குள் அங்கே சேர வேண்டும், மாலையில் ஃபுளோரன்ஸ் ரயில். ஆகவே பேராலயத்துக்குள் நாங்கள் கால் வைக்கவே இல்லை. அதற்குள் இருக்கும் மைக்கலாஞ்சலோவின் பியெத்தா சிற்பத்தைப் பார்க்க வேண்டும் என்று பயணம் முடிவான நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்த என் மனைவி, அதன் படம் போட்ட காந்த வில்லை ஒன்றை வாங்கிக்கொண்டார்.

என் முதல் மின்னஞ்சலுக்கு உங்கள் பதில்: "பாதுகாப்புச் சோதனை எங்கள் கட்டுப்பாட்டில் இல்லை என்பது விதிமுறைகளில் குறிப்பிடப்பட்டுள்ளது." குறிப்பிட்டிருக்கிறீர்கள்தான், பக்கத்தின் அடியில் சாம்பல் நிற எழுத்தில். மேலே மஞ்சளில் கொட்டை எழுத்தில் இல்லை என்று சொன்னதைக் கீழே பொடி எழுத்தில் உண்டு என்று சொல்வதற்குப் பெயர் விளக்கம் அல்ல. அந்தப் பதிலில் வவுச்சர் மாற்றும் வரிசை பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. அது உங்கள் வியாபாரத்துக்காக உங்கள் கூட்டாளி உண்டாக்கிய வரிசை. கொலோசியத்துக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது.

ஆகவே மகனின் கொலோசியம் கட்டணம் 5,400 ரூபாய், மற்ற மூவருக்கும் அதிகாரபூர்வ விலைக்கு மேல் வாங்கிய தொகை 10,650 ரூபாய், பேராலயத்துக்கு நால்வரிடமும் வாங்கிய 10,400 ரூபாய், மொத்தம் 26,450 ரூபாயைத் திருப்பித் தர வேண்டும். அந்த மஞ்சள் பட்டையை எடுத்துவிட்டு, எந்த வரிசை இருக்கும், எது இருக்காது, கையில் தருவது டிக்கெட்டா வவுச்சரா என்பதை விலைக்குப் பக்கத்திலேயே எழுத வேண்டும்.

இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு செய்வேன். அதற்கு நான் சென்னை வரத் தேவையில்லை. நான் குடியிருக்கும் கோயம்புத்தூரிலேயே தொடுக்க அந்தச் சட்டம் இடம் தருகிறது. 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட மனுவுக்குக் கட்டணமும் கிடையாது. பணம் செலுத்திய ரசீது, வவுச்சர், பெயர் பிழையான டிக்கெட், உங்கள் விளம்பரப் பக்கத்தின் படம் ஆகியவற்றின் நகல்களை இணைத்துள்ளேன். அசல்கள் என்னிடம் இருக்கின்றன.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
கோயம்புத்தூர்.