பேயாகிப் போன தாய்மார்கள்

அன்பு மகள் கயலுக்கு,

டப்ளினில் உன்னோடு வேலை பார்க்கும் பெண், பான்ஷி என்ற ஆவியைப் பற்றிச் சொன்னதையும், அன்றிரவு உனக்கு உறக்கம் வராததையும் எழுதியிருந்தாய். வயிற்றுப் பிள்ளைக்காரியிடம் சாவுக் கதை பேசுவார்களா என்று அப்பாவுக்குக் கோபம். எனக்குக் கோபமில்லை. அயர்லாந்தின் பழைய குடும்பங்களில் ஒருவருக்குச் சாவு வருமுன்னே வந்து அழுகிறவள் அவள், கொல்கிறவள் அல்ல. ஒப்பாரி வைக்கிற பாட்டியைக் கண்டு நாம் பயப்படுகிறோமா?

மலாய்க்காரர்களின் பெண் பேயான பொந்தியானாக்கைப் பற்றியும் கேட்டிருந்தாய். கம்பம் என்கிற மலாய்க் கிராமத்தில் வாழ்ந்த உன் அப்பாயி, பொழுது சாய்ந்தால் வாழைமரங்களின் பக்கம் போகமாட்டார். ஈழத்தலரிப் பூ மணத்தால் அவள் வந்துவிட்டாள் என்று அக்கம்பக்கத்து மலாய்க்காரர்கள் சொல்வார்களாம். பிடரியில் ஆணி அடித்தால் அழகிய மனைவியாகிக் குடும்பம் நடத்துவாள். பிடுங்கினால் மறுபடியும் பேய். இந்தப் பயத்தில் எல்லாரும் மறந்துவிடுவது ஒன்று உண்டு: அவள் பிள்ளைப்பேற்றில் செத்த பெண்.

மலாய் மக்களின் நம்பிக்கைகளைத் தொகுத்து ஸ்கீட் என்ற ஆங்கிலேயர் 1900-இல் வெளியிட்ட நூலில் ஒரு செய்தி இருக்கிறது. பிரசவத்தில் இறந்தவள் லாங்சுவிர் என்ற பேயாகாமல் இருக்க, அவள் வாயில் கண்ணாடி மணிகளை நிரப்பி, அக்குளில் முட்டை வைத்து, உள்ளங்கைகளில் ஊசி குத்துவார்களாம். கத்தக்கூடாது, பறக்கக்கூடாது என்பதற்காக. வலியில் கத்திக் கத்தியே செத்தவளுக்கு அதற்குப் பிறகும் வாயை அடைப்பதா! நம்மவர்களும் புளியமரத்தில் ஆணி அடித்துப் பேயைக் கட்டியவர்கள்தான். ஒருவரை மட்டும் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

ஆனால் தமிழ்நாட்டில் நம் ஊர்ப்பக்கம் சாலையோரத்தில் சுமைதாங்கிக் கல் என்று ஒன்று உண்டு. இரண்டு கல் நட்டு, குறுக்கே ஒரு பலகைக்கல். தலைச்சுமையோடு வருகிறவர் யாருடைய உதவியும் இல்லாமல் இறக்கி வைக்கிற உயரம். வயிற்றில் பிள்ளையோடு இறந்த பெண்ணின் நினைவாக அதை நடுவார்கள். அவளால் இறக்க முடியாமல் போன சுமையை வழிப்போக்கர் இறக்கி இளைப்பாறினால் அவள் ஆன்மா ஆறும் என்று நம்பினார்கள். இதை நினைத்தவர் யாரோ, அவருக்கு நான் கைகூப்புகிறேன்.

பாங்காக்கில் மே நாக் என்ற பெண்ணும் இப்படித்தான். கணவன் போருக்குப் போயிருந்தபோது பிரசவத்தில் பிள்ளையோடு இறந்தாள். அவன் திரும்பியபோது ஒன்றும் நடக்காததுபோல் சோறாக்கிப் போட்டாள். வீட்டுத் தரையின் இடுக்கு வழியே கீழே விழுந்த எலுமிச்சம்பழத்தை எடுக்க அவள் கை நீண்டதில்தான் குட்டு வெளிப்பட்டது. இன்று வாட் மஹாபுட் கோயிலில் அவளுக்குச் சன்னதி. சேலை சாத்துவதுபோல் உடைகளும், பிள்ளைக்கு விளையாட்டுச் சாமான்களும் கொண்டுபோய் வைக்கிறார்கள். பயந்தவர்களே வேண்டிக்கொள்ளவும் போகிறார்கள்.

நமக்குப் பெரியாச்சி அம்மன் இருக்கிறாள். இங்கே சிங்கப்பூரில் 1827-இல் எழுந்த சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயிலில் அவள் சன்னதியை நீ சிறுவயதில் பார்த்து என் சேலைக்குள் முகம் புதைத்தாய். காலடியில் அரசன், மடியில் வயிறு கிழிந்த அரசி, தூக்கிப் பிடித்த கையில் குழந்தை. இனிமேல் அந்தக் கையை மட்டும் பார். அத்தனை ரத்தத்திலும் குழந்தையைத் தரையில் படவிடாமல் ஏந்திய மருத்துவச்சி அவள். அதனால்தான் இங்கே முப்பதாம் நாள் பிள்ளைக்காக அவளுக்குப் படையல் போடுகிறோம்.

பிறந்த நாளையும் நேரத்தையும் மாப்பிள்ளையை உடனே அனுப்பச் சொல். இங்கே படையலை நான் போட்டுவிடுகிறேன். பிரசவ மருந்து அரைத்துப் புட்டியில் அடைத்திருக்கிறேன். நான் வரும்போது கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
அம்மா